கல்லீரல் கொழுப்பு: மொத்தக் கலோரியைக் குறைப்பதா, மாவுச்சத்தை மட்டுமா?

கேள்வி: ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பது தெரியவந்துள்ளது. மொத்தக் கலோரியைக் குறைக்க வேண்டுமா, மாவுச்சத்தை மட்டும் குறைத்தால் போதுமா?

பதில் 1: எடை குறைவதே முதன்மையானது, எந்த வழியில் என்பது அடுத்த கேள்விதான். உடல் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் வரை குறையும்போது அழற்சியும் தணியக்கூடும். தழும்பேற்றம் (கல்லீரல் திசு தழும்பாக இறுகுவது) மட்டுப்படுவதற்குப் பெரும்பாலும் 10 சதவீதமாவது தேவைப்படும்.

பதில் 2: ஏற்கிறேன். ஆயினும் சர்க்கரை கலந்த பானங்களை மிகுதியாக அருந்தும்போது, அவற்றிலுள்ள ஃப்ரக்டோஸ் என்னும் சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது என்பதால் (பழச்சாறும் இதில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்) முதலில் அவற்றை நிறுத்துங்கள்.

பதில் 3: பட்டினி வேண்டாம். எடை மிக விரைவாகக் குறைந்தால் பித்தக்கல் உருவாகும் வாய்ப்பு கூடும். நீரிழிவு மாத்திரை உட்கொள்பவராயின், உணவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேட்டறியுங்கள்.