டென்ட் கேம்ப்பில் தங்கி வேலை: ஒரு ஆள் மட்டும் கூடுதலாகக் கிடைத்தால் எங்கே போடுவது?

மூணாறு பக்கம் சூரியநெல்லி, கொழுக்குமலை போகும் வழி. 20 டென்ட். மேனேஜராக நாங்கள் கணவன், மனைவி இருவர். சமையலுக்கு ஒருவர், துப்புரவுக்கு ஒருவர். தங்கும் அறை ரிசப்ஷனுக்குப் பின்னாலேயே.

சிக்கல் தூக்கம். கெஸ்ட் இரவு 11 வரை வருகிறார்கள். சூரிய உதயத்துக்கு ஜீப் விடிகாலை 4 மணிக்கே கிளம்பும். நடுவில் வெந்நீர், போர்வை என்று கதவு தட்டல். டிசம்பர், ஜனவரியில் வார லீவே கிடையாது.

செக்-இன்னை 8 மணியோடு நிறுத்திப் பார்த்தாயிற்று. போடிமெட்டு மலைப்பாதையில் பனிமூட்டம் என்றால் வண்டி எப்படியும் தாமதம்தான். குழந்தைகளோடு வாசலில் நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. கூடுதல் போர்வை, டார்ச், பிளாஸ்க்கில் வெந்நீர் மூன்றையும் மாலையே டென்டில் வைத்ததில் தட்டல் பாதியாகக் குறைந்தது (உருப்படியாகப் பலித்தது இது ஒன்றுதான்). செவ்வாய்க்கிழமை மாற்று ஆள் போட்டால், மோட்டார் வால்வு எது, ஜெனரேட்டர் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று நாள் முழுக்க போன். கேம்ப்பிலேயே இருந்தால் அது லீவும் இல்லை.

ஓனர் ஒரு ஆளுக்குத்தான் சம்பளம் தருவார். அவரை இரவு 10 முதல் காலை 6 வரை டூட்டியில் போடுவதா, வாரம் இரண்டு நாள் முழுப் பொறுப்புள்ள மாற்று மேனேஜராகப் போடுவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.