அந்தக் குண்டூசி

பொள்ளாச்சித் தம்பி:
அண்ணன் தென்னையிலிருந்து விழுந்து ஆறு வருஷம் ஆச்சு. முதுகெலும்புல நடுவில இருக்கற டி8 எலும்பு நொறுங்கி, மார்புக்குக் கீழே மரத்துப்போச்சு. மூணாம் நாள் ஒரு சின்ன டாக்டர் குண்டூசியும் பஞ்சுமா வந்தார். கண்ணை மூடச்சொல்லி, "சுருக்குன்னு இருக்கா, மழுங்கலா இருக்கா"ன்னு கேட்டுக்கிட்டே கால் விரல் வரைக்கும் போனார். அப்புறம் நாலு பேரா அண்ணனைக் கட்டை மாதிரி ஒருக்களிச்சு, கையுறை போட்டு ஆசனவாயில் விரல் வெச்சு, "தெரியுதா? இறுக்குங்க" என்றார். எனக்குக் கோபம். கால் வரலைன்னு வந்தவனுக்கு அங்கே என்ன சோதனை? அண்ணனுக்கு எதுவும் தெரியலை. தாளில் 'ஏ'ன்னு எழுதிட்டுப் போய்ட்டார். அர்த்தம் யாரும் சொல்லலை.

அஞ்சாவது வாரம் இடது கால் துள்ளுச்சு. போர்வை பட்டாலே முழங்கால் மடங்கி எகிறும். அம்மா பழநிக்கு மொட்டை நேர்ந்துக்கிட்டாங்க, நான் வீடியோ எடுத்துச் சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பினேன். அது மூளை சொல்லி நடக்கறது இல்லை, அதிர்ச்சியில் அடங்கிக் கிடந்த தண்டுவடம் தானா இழுக்கறதுன்னு பிறகுதான் தெரிஞ்சது. மொட்டை போட்டாச்சு. அண்ணன் சக்கர நாற்காலியில்தான்.

திருச்சிக்காரர்:
எனக்குக் கழுத்து, பைக் விபத்து. அந்த அசிங்கமான இடத்துல ஊசி பட்டதும் "ஐயோ"ன்னு கத்திட்டேன், டாக்டர் சிரிச்சார். எதுக்குச் சிரிச்சார்னு அப்போ புரியலை. கால் முதல்ல வந்துச்சு, கைதான் கடைசி. இப்போ பஸ் ஏறிடுவேன், சட்டைப் பொத்தான் மட்டும் வீட்டுக்காரம்மாதான்.

ஒரு ஃபிசியோ:
அந்த இடத்து நரம்பு தண்டுவடத்தோட அடி நுனியிலிருந்து கிளம்புது. அங்கே குத்தறது தெரிஞ்சா, அடிபட்ட இடத்தைத் தாண்டி ஏதோ சில இழையாவது பிழைச்சிருக்குன்னு அர்த்தம். வலியைக் கொண்டுபோற பாதையும் காலை அசைக்கற பாதையும் பக்கத்துப் பக்கத்துல ஓடறதால பஞ்சைவிட ஊசிக்கு மதிப்பு அதிகம். முதல் நாள் பார்த்ததை நான் பெருசா நம்பறதில்லை, 72 மணி நேரம் கழிச்சுப் பார்க்கறதுதான் கணக்கு. 2011ல ஐரோப்பாவிலிருந்து ஒரு விதி வந்துச்சு: வயசு 65க்குக் கீழேயா, முழங்காலை நீட்டவும் பாதத்தை அழுத்தவும் பலம் எவ்வளவு, முழங்கால்கிட்டயும் குதிகால்லயும் தொட்டா தெரியுதா. ஒரு வருஷத்துல துணையில்லாம நடப்பாங்களான்னு இந்த அஞ்சை வெச்சே ஓரளவு சொல்லிடலாம். 'ஏ'ன்னா அந்த இடத்துல உணர்வும் இல்லை, இறுக்கவும் முடியலைன்னு அர்த்தம். அப்படி எழுதினவங்கள்லயும் சிலருக்குக் கொஞ்சம் திரும்பும். அதுக்காக வீடியோவைப் பார்த்து நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

பொள்ளாச்சித் தம்பி:
இதையெல்லாம் அண்ணனுக்குப் படிச்சுக் காட்டினேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா வாசப்படிக்குச் சரிவு கட்டியிருக்கலாம். ஒரு வருஷம் என்னைத் தூக்கிக்கிட்டே திரிஞ்சீங்களேடா" என்றான்.