ஆற்காட்டு கிளைவின் தோட்டத்தில்

லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில் ஈஷர் என்ற ஊரை ஒட்டி இருக்கிறது கிளேர்மான்ட் தோட்டம். நான் ஆற்காட்டுக்காரன், பாலாற்றங்கரை டெல்லி கேட்டைப் பார்த்து வளர்ந்தவன். 1751இல் ஆற்காட்டுக் கோட்டை முற்றுகையில் பேர் வாங்கிய ராபர்ட் கிளைவ், 1769இல் விலைக்கு வாங்கிய இடம் இது என்று தெரிந்த பிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் அங்கே மனத்தைப் பறித்தவை எல்லாம் கிளைவுக்கு முன்பே உருவானவை. புல் அரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்ட வடிவமைப்பாளர் சார்லஸ் பிரிட்ஜ்மேன் குன்றின் சரிவைச் செதுக்கி, ஏறத்தாழ மூன்று ஏக்கரில் அமைத்தது. அத்தனை படிகளும் மண்ணும் புல்லும்தான். மேல்படிகள் உள்வாங்கி வளைகின்றன. கீழ்ப்படிகள் வெளியே புடைத்து வளைகின்றன. நடுவே வட்ட மேடை. படியின் விளிம்பில் கை வைத்துப் பார்த்தேன், அவ்வளவு கூர்மை. நாடகம் போடக் கட்டியதல்ல. உலாவவும், கீழே ஏரியைப் பார்த்து ரசிக்கவும்தான். அந்த ஏரியும் முதலில் வட்டக் குளமாகத்தான் இருந்தது. அளவெடுத்த வடிவங்கள் சலித்துப்போன காலத்தில் வில்லியம் கென்ட் என்ற இன்னொரு வடிவமைப்பாளர் வந்து, கரையை நெளித்து, நடுவில் ஒரு தீவை வைத்து, தானாக உண்டான ஏரி என்றே நம்ப வைத்துவிட்டார். என்ன கை அது!

அரங்கத்தின் அடியில் நின்றிருந்த முதிய தன்னார்வலர் ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். ஆற்காடு என்றதும் முகம் மாறியது. அதன் பிறகு அவர் கிளைவைப் பற்றி மட்டுமே பேசினார், எதையும் மழுப்பவில்லை. பழைய மாளிகை பள்ளத்தில் இருந்ததால் கிளைவ் அதை இடித்துவிட்டு, பேர்பெற்ற தோட்டக் கலைஞர் கேப்பபிலிட்டி பிரவுனைக் கொண்டு மேட்டில் புதிதாகக் கட்டினார். வீட்டுக்கும் தோட்டத்துக்குமாக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் செலவானதாகச் சொல்வார்கள். வங்காளத்து ஜாகீரிலிருந்து, அதாவது நில வருவாய் மானியத்திலிருந்து மட்டும் ஆண்டுக்கு 27,000 பவுண்டு வந்துகொண்டிருந்த மனிதர் அவர். இங்கே மாளிகைக்கு வேலை நடந்த அந்தக் காலத்தில்தான், 1770இல், வங்காளம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. இதை நினைக்காமல் அந்தப் புல்வெளியில் என்னால் நடக்க முடியவில்லை. நினைத்ததனால் பிரிட்ஜ்மேனின் அழகு குறைந்துவிடவும் இல்லை. சைத்தான் வந்து தன்னைத் தூக்கிப் போகாமலிருக்கத்தான் கிளைவ் மாளிகைச் சுவர்களை அவ்வளவு கனமாகக் கட்டுகிறார் என்று சர்ரே குடியானவர்கள் கிசுகிசுத்ததாக ஒரு கதை உண்டு. 1774இல் கிளைவ் இறந்துபோனார்; அந்த வீட்டில் வாழக் கொடுத்துவைக்கவில்லை.

புல் அரங்கமும் பிற்காலத்தில் மரமும் புதரும் மூடி மறைந்துபோய், 1970களில்தான் மீட்கப்பட்டது. கிளைவின் மாளிகை இப்போது பள்ளிக்கூடம், தோட்டத்து டிக்கெட்டில் அது சேராது. போகிறவர்கள் முதலில் ஏரியைச் சுற்றி எதிர்க்கரைக்குப் போய்விடுங்கள். அரங்கத்தின் இரட்டை வளைவு முழுதாகப் பிடிபடுவது அங்கிருந்துதான்.