கடலோர ஊருக்கேற்ற ஹைப்ரிட் வால்வு ப்ரீஆம்ப்: ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கீழக்கரையில் மேசைமேல் கணினி, டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் கருவி), பெருக்கி உள்ளடங்கிய இரண்டு பவர்டு ஸ்பீக்கர்கள் வைத்துப் பாட்டுக் கேட்கும் நான், 10,000 ரூபாய்க்குள் வால்வும் (வெற்றிடக் குழல்) டிரான்சிஸ்டரும் சேர்ந்த ஒரு ஹைப்ரிட் ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) வாங்க விரும்புகிறேன்.

6ஜே1 வால்வு வைத்த மலிவான பெட்டிகள் பலவற்றில், வால்வுக்கு இயல்பாக வேண்டிய நூறு வோல்ட்டுக்கு மேலான மின்னழுத்தம் கிடைப்பதில்லை என்பதால் ஒலிச்சிதைவு கூடுமோ என்று தயங்குகிறேன். வேறு வால்வுகளைப் பார்த்தால், 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கக்காரணி (சிக்னலை அதிகபட்சம் எத்தனை மடங்கு பெருக்கும் என்ற அளவு) 100. 12ஏயூ7க்கு அது ஏறத்தாழ 20 மட்டுமே. 2 வோல்ட் தரும் டிஏசிக்குக் குறைவாகப் பெருக்கும் 12ஏயூ7 போதும்.

உப்புக்காற்றுதான் பெரிய கவலை. இங்கே ஒலிக்கம்பிகளைச் செருகும் ஆர்சிஏ முனைகளில் பச்சை பூத்துவிடுகிறது; எங்கள் பழைய வால்வு ரேடியோவிலோ சாக்கெட்டின் கவ்விகள் கறுத்து, வால்வை லேசாக அசைத்தாலே கரகரக்கிறது. தங்கமுலாம் பூசிய கவ்விகளுடன், வால்வை நாமே மாற்றத்தக்க மாதிரியைக் கடலோரத்தில் பயன்படுத்துவோர், அதன் பெயரையும் பராமரிக்கும் முறையையும் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.