மலைப் புத்தகம் தேடுவோரும் வைத்திருப்போரும்: அனுபவப் பகிர்வு

குன்னூர்வாசி

பழைய மலைப் புத்தகம், அதாவது நீலகிரி, பழனி மலைகளைப் பற்றிய பழைய நூல், வைத்திருப்பவர் ஆன்லைனில் கண்ணில் பட்டதும் பெரும்பாலோர் அனுப்பும் முதல் செய்தி, "புக் இருக்கா சார், என்ன ரேட்?" இதற்குப் பதில் வராது. வந்தால் ரேட் மட்டும் வரும். அதற்குப் பதிலாக, "ரிவர்ஸ் எழுதிய தோடர் நூல், 1906 பதிப்பு, கடைசியில் வரும் வம்சாவளி அட்டவணைகள் முழுசா இருக்கா சார்? மந்துகளின் பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்கணும்" என்று எழுதிப் பாருங்கள். (தோடர் நீலகிரிப் பழங்குடியினர், மந்து அவர்களின் குடியிருப்பு.) கேட்கிறவர் அந்தப் புத்தகத்தைப் படிக்கப் போகிறவர் என்று தெரிந்துவிட்டால் மனுஷன் அலமாரியைத் திறந்து, கேட்காத நாலு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புவார்.

தேடலில் எழுத்துக்கூட்டல் பெரிய தொல்லை. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் நீலகிரி என்பது நீல்கெரி, நெயில்கெரி என்று மாறி மாறி வரும். பழனி மலை 'புல்னி' ஆகியிருக்கும். இன்றைய எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடினால் பாதி நூல்கள் கண்ணிலேயே படாது. ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகப் போட்டுத் தேடுங்கள்.

கோத்தகிரி மேடு

குன்னூர் சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைப்புப் பக்கத்தில் இருக்கும் ஆண்டை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். கிரிக் தொகுத்த நீலகிரி மாவட்ட மானுவல் 1880, பிரான்சிஸின் கெஸட்டியர் 1908 (இரண்டுமே மாவட்ட விவரத் தொகுப்புகள்). இந்த மாதிரி நூல்களின் நகல் பதிப்புகளில் பழைய தலைப்புப் பக்கம் அப்படியே அச்சாகியிருக்கும். விற்பவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

அதனால் கேட்க வேண்டிய படங்கள் வேறு. தலைப்புப் பக்கத்தின் பின்புறம்: மறுபதிப்பு விவரம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒரு ஐ.எஸ்.பி.என். எண் (இக்காலப் புத்தகங்களின் அடையாள எண்) தென்பட்டால் பேச்சே வேண்டாம், 1908 கிடையாது. அடுத்து, ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம். ஈய எழுத்தால் அழுத்தி அச்சடித்த தாளில் எழுத்துகள் லேசாகப் பதிந்து, பின்பக்கம் தடவினால் நெளிவு தெரியும். நகல் அச்சில் தாள் மொழுமொழுவென்று இருக்கும், படங்களின் நிழல் பகுதிகள் கருந்திட்டாக அப்பிக்கிடக்கும்.

பின்னட்டையின் உள்புறத்தையும் மறக்காமல் கேளுங்கள். மலை நூல்களில் முதலில் காணாமல் போவது மடிப்பு வரைபடம்தான். நடைக்குப் போகிறவர்கள் உருவிக்கொண்டு போய்விடுவார்கள். பை மட்டும் ஒட்டியிருக்கும், உள்ளே காற்று. வரைபடம் இருந்தாலும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள், நாலு மடிப்பு சந்திக்கும் இடத்தில்தான் ஓட்டை விழும். அதன் மேல் செலோடேப் ஒட்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், வீட்டில் வைத்து எடுக்க முடியாது.

கொடை சோலை

பைசன் எழுதிய தாவர நூலைத் தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரங்கள் பற்றிய அந்த நூல் 1915இல் வரத் தொடங்கியது. முதல் இரண்டில் விளக்கம் ஒரு தொகுதி, படங்கள் ஒரு தொகுதி. சந்தையில் பெரும்பாலும் ஒன்றுதான் கிடைக்கும். ஒற்றைத் தொகுதி வைத்திருப்பவர் பாதி விலைக்குத் தர மாட்டார், வாங்குகிறவருக்கும் பாதி நூலால் பிரயோஜனம் இல்லை. உங்களிடம் இருப்பது எந்தத் தொகுதி, பைண்டிங் துணியின் நிறம் என்ன, முதுகின் (தாள்களைத் தைத்த பக்கத்தின்) உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்று பதிவு போட்டால் ஜோடி தேடுகிறவர் தானே வந்து சேருவார். செடியைப் பார்த்துப் பெயர் கண்டுபிடிப்பதுதான் நோக்கம் என்றால் மேத்யூவின் பழனி மலைத் தாவர நூல் (1999, மூன்று தொகுதி) இன்னும் உபயோகமானது. அழகுக்கு பைசன், வேலைக்கு மேத்யூ.

பழைய நூலில் வரும் நடைவழியை அப்படியே நம்பி "வாங்க, சேர்ந்து போகலாம்" என்று யாரையும் கூப்பிடாதீர்கள். கொடைக்கானல்-மூணாறு பழைய பாதை மூடிக் கிடக்கிறது. பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும், நீலகிரியில் முக்குருத்திப் பக்கமும் அப்படியே. குறிஞ்சி பார்க்கத் திட்டம் போடுகிறவர்களுக்கு: 2006, 2018இல் பூத்தது, அடுத்தது 2030.

லவ்டேல் பனி

நிலையைப் பற்றி எழுதும்போது "நல்ல கண்டிஷன்" என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள் ஐயா. மலையில் இருந்த புத்தகம் என்றாலே ஈரம் பார்த்த புத்தகம். பழுப்புப் புள்ளி எத்தனை பக்கத்தில், பூசணம் காய்ந்த தூளா, ஈரப் பிசுபிசுப்பா என்று எழுதுங்கள். ஊசி முனை அளவு வட்டத் துளை பல தாள்களை ஊடுருவிப் போனால் அது வண்டின் புழு. தாளின் மேல்பரப்பும் அட்டைத் துணியும் மட்டும் சுரண்டித் தின்றது போல இருந்தால் வெள்ளிமீன் பூச்சி, பசைக்காக வந்தது. முதலாவது உங்கள் அலமாரி முழுக்கப் பரவும். அப்படிப்பட்ட புத்தகம் வந்ததும் கெட்டியான கவரில் காற்றுப் புகாமல் மூடி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் 24 மணி நேரம் கவரைப் பிரிக்கக் கூடாது.

காய்ந்த பூசணத்தை வீட்டுக்கு வெளியே, மாஸ்க் போட்டுக்கொண்டு, மென்மையான பிரஷால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். வெயிலில் காயப் போடாதீர்கள், அட்டை வில்லாக வளையும். நிழலும் ஃபேனும் போதும். நம்மூரில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு: பஞ்சில் நீலகிரித் தைலம் நனைத்து அலமாரியில் செருகுவது. வாசனை நன்றாகத்தான் இருக்கும். பஞ்சு தாளில் பட்ட இடத்தில் எண்ணெய்க் கறை நிற்கும். பூசணத்துக்கு வேண்டியது காற்றோட்டம். புத்தகத்துக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், ஈரப்பதமானி 65 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியகுளம் அடிவாரம்

கொடையிலிருந்து புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் வத்தலக்குண்டில் டீ குடிக்கும்போதே பிரித்துப் பார்க்கிறீர்கள். செய்யாதீர்கள் அண்ணே. புத்தகம் இன்னும் குளிர்ந்திருக்கும், கீழேயுள்ள காற்று புழுக்கம். குளிர்ந்த சோடா பாட்டிலில் வியர்ப்பது போல அட்டையில் நீர் பூக்கும். சுற்றியபடியே நாலைந்து மணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள்.

பார்சலில் பபிள் ராப் நேரடியாகப் புத்தகத்தில் படக்கூடாது. தோல் அட்டையில் வட்ட வட்டமாகத் தடம் விழும். முதலில் வெள்ளைத் தாள், பிறகு புத்தகத்தை விட ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் பெரிய அட்டை இரண்டு, அதன் மேல் பபிள். மூலைகள் உள்ளே ஒதுங்கி நிற்க வேண்டும், அடி விழுவது மூலையில்தான்.

தபாலில் பழைய ரெஜிஸ்டர்டு புக் போஸ்ட் 2024 டிசம்பரோடு போய்விட்டது. 2025 மே முதல் புத்தகங்களுக்கான தபால் சேவை 'ஞான் போஸ்ட்': 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. புத்தகத்தில் அச்சகத்தார் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். தலைப்புப் பக்கம் கிழிந்த பழைய நூலைக் கவுன்டரில் திருப்பி விடுவதற்கு அது ஒன்றே போதும். பருவ இதழ்களின் பைண்டு வால்யூமும் இதில் போகாது, அவற்றை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள்.

குன்னூர்வாசி

நேரில் சந்திக்க வருகிறவர்களுக்கு: சொந்தக் கார் என்றால் உதகைக்கும் கொடைக்கும் இ-பாஸ் எடுத்துவிட்டு ஏறுங்கள், அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை. புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவராதீர்கள், நீலகிரியில் பிளாஸ்டிக் தடை, பர்லியாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். துணிப்பை, உள்ளே ஒரு பழைய துண்டு. சந்திப்பை மதியம் இரண்டு மணிக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். மூடுபனி இறங்கிவிட்டால் டியூப் லைட் வெளிச்சத்தில் பழுப்புப் புள்ளி எது, தாளின் நிறம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.