பயன்படுத்திய சர்ஜிகல் பிளேடு: கழற்றும்போதும் கழிவில் போடும்போதும் பார்த்தவற்றை எழுதுங்கள்

தியேட்டர் சிஸ்டர்

வயிற்று அறுவை, தோலுக்குத் தையல் போய்க்கொண்டிருந்தது. கத்தியில் 4ஆம் எண் ஹேண்டில் (கைப்பிடி), அதில் மாட்டிக் கழற்றும் 22ஆம் எண் பிளேடு. ஸ்க்ரப்பில், அதாவது கருவி எடுத்துக் கொடுக்க, நின்ற பெண் புதிது. "இங்கே கொடும்மா, நேரமாகுது" என்று மூத்த டாக்டர் ஒருவர் அவளிடமிருந்து ஹேண்டிலை வாங்கி, விரலாலேயே பிளேடின் அடியைத் தூக்கித் தள்ளினார். ரத்தம் காய்ந்து பிடித்திருந்ததால் நகரவில்லை. இன்னும் அழுத்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம். பிளேடு ஹேண்டிலிலும் இல்லை, ட்ரேயிலும் இல்லை.

நாங்கள் எல்லாரும் மேசையைத் தேடிக்கொண்டிருக்கிறோம். சர்க்குலேட்டிங்கில் (மேசைக்கு வெளியே உதவி வேலையில்) நின்ற அக்கா அசையாமல், "என் கால்ல நிக்குது" என்றார். அவருடைய கேன்வாஸ் ஷூவின் மேல் பிளேடு குத்திட்டு நின்றது. இரண்டு விரல்களுக்கு நடுவே இறங்கியிருந்ததால் தோலில் கீறல்கூட இல்லை. ஃபோர்செப்ஸால் (இடுக்கி) பிடுங்கி, கூரான கழிவு போடும் டப்பாவில் போட்டுவிட்டு, அப்படியே காஸ் (ரத்தம் ஒற்றும் துணி) எண்ண வந்துவிட்டார்.

இன்றுவரை எனக்கு உறுத்துவது அடுத்து நடந்ததுதான். பதிவேட்டில் எழுதுவோம் என்று நான் கேட்டதற்கு, "ரத்தமே வரலையே, என்னன்னு எழுதறது?" என்றார்கள். அரை இஞ்ச் தள்ளி இறங்கியிருந்தால் ஊர் முழுக்கப் பேசியிருப்பார்கள். இறங்காததால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஆகிவிட்டது.

நோயியல் லேப்

சிஸ்டர் சொன்னதில் பிளேடு எங்கே போனது என்றாவது தெரிந்தது. எங்களுக்கு வந்தது, திசு கெடாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றிய டப்பாவுக்குள்.

மார்பகத் திசு, பெரிய சாம்பிள். கிராஸிங் மேசையில் (வந்த திசுவைப் பார்த்து வெட்டும் மேசை) வைத்து, கொழுப்பைக் கையால் அழுத்திப் பார்த்துத்தான் கட்டி எங்கே என்று கண்டுபிடிப்போம். அது செய்கிறவர்களுக்குத் தெரியும், விரல்தான் அங்கே கண். அன்று என்னோடு இருந்த பெண் திசுவைத் தூக்குவதற்கு முன்னால் அதோடு வந்த காஸை ஃபோர்செப்ஸால் நகர்த்தினாள். உலோகத்தில் உலோகம் பட்ட சத்தம் கேட்டது. காஸ் மடிப்புக்குள் 15ஆம் எண் பிளேடு. ஹேண்டிலில் இருந்து கழற்றி, காஸில் வைத்து, அந்தக் காஸோடு சேர்த்து டப்பாவில் போட்டிருக்கிறார்கள்.

அவள் கையை விட்டிருந்தால்? ஃபார்மலின் போட்டால் கிருமி செத்துவிடும் என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். அவ்வளவு பெரிய கொழுப்புத் திசுவுக்குள் ஃபார்மலின் ஊற நேரமாகும். அதுவும் இல்லாமல், வெட்டுக்காயத்துக்குள் ஃபார்மலின் போவதே தனிக் கொடுமை. போன் செய்து கேட்டபோது தியேட்டரில், "எங்க கணக்கு சரியா இருக்கே" என்றார்கள்.

தியேட்டர் சிஸ்டர்

லேப் நண்பரே, கணக்கு சரி என்று சொன்னது எனக்கு நம்பவே முடியவில்லை. காஸும் ஊசியும் எண்ணுகிற மாதிரி பிளேடும் எண்ணிக்கையில் வரும். போட்டது எத்தனை, கழற்றியது எத்தனை, டப்பாவில் விழுந்ததைப் பார்த்தது யார், இது மூன்றும் பொருந்தினால்தான் கணக்கு. ஹேண்டில்களை மட்டும் எண்ணிவிட்டுச் சொல்லியிருப்பார்கள்.

பழைய கை

நான் பல வருடமாக விரலால்தான் கழற்றுகிறேன். ஒரு தடவைகூட வெட்டியதில்லை. நாலு மடிப்புக் காஸை பிளேடின் முதுகில் வைத்துப் பிடித்துத் தூக்கினால் சுலபமாக வரும். இரண்டு கையுறை போட்டுக்கொண்டால் போதும். ஃபோர்செப்ஸால் பிடித்தால்தான் வழுக்கித் தெறிக்கிறது, அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு பயிற்சி மாணவன் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸின் (ரத்தக்குழாயைக் கவ்வும் இடுக்கி) நுனியில் கடிக்கவைத்துத் திருகினான், பிளேடு பாதியாக உடைந்து ஒரு துண்டு கண்ணாடி ஷீல்டில் பட்டது. ஷீல்டு இல்லையென்றால் கண் போயிருக்கும். கருவி வந்துவிட்டது என்பதற்காகக் கை பழகிய வேலையை ஏன் விட வேண்டும்?

ஓ.டி. டெக்னீஷியன்

பழைய கை ஐயா, கோபப்படாமல் படியுங்கள். நீங்கள் பார்த்தது உண்மை, அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் தவறு. அவன் பிளேடை உடைத்தது ஃபோர்செப்ஸால் அல்ல, திருகியதால். கெட்டியான எஃகைத் திருகினால் எதை வைத்துத் திருகினாலும் உடையும்.

பிளேடின் நடுவில் உள்ள துளை ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். ஹேண்டிலின் நாக்கில் இரண்டு பக்கமும் காடி இருக்கிறது. குறுகல் பகுதி காடியில் ஓடி உட்காருகிறது, பின்முனை நாக்கைத் தாண்டி விழுந்து பூட்டிக்கொள்கிறது. ஆகவே கழற்ற இரண்டே அசைவுதான்: பின்முனையை நாக்குக்கு மேலே கொஞ்சம் தூக்குவது, பிறகு நேராக முன்னே தள்ளுவது. பக்கவாட்டில் எந்த அசைவும் தேவை இல்லை.

ஹேண்டிலை ஒரு கையில் பிடியுங்கள். முனை கீழே, கூர் உங்களுக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் எதிர்ப்பக்கம். மறு கையில் நீடில் ஹோல்டர், தையல் ஊசியைப் பிடிக்கும் கருவி. ஆர்ட்டரி ஃபோர்செப்ஸைவிட இதன் கடி உறுதி, தாடை குட்டை. நுனியில் பிடிக்காமல், தாடை முழுதும் படும்படி, ஹேண்டிலுக்குப் பக்கத்தில் உள்ள பின்முனையைப் பிடியுங்கள். கொக்கி போட்டுப் பூட்டுங்கள். தூக்குங்கள், முன்னே தள்ளுங்கள். வந்த பிளேடை ட்ரேயில் வைக்காமல், நீடில் ஹோல்டரில் இருந்தபடியே நேராக டப்பாவுக்குள் விடுங்கள். டப்பா முதலிலேயே கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பிளேடைப் பிடித்துக்கொண்டு டப்பாவைத் தேடி நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். ரத்தம் காய்ந்து இறுகியிருந்தால் ஈரக் காஸைச் சிறிது நேரம் போட்டு வைத்தால் இளகிவிடும்.

இரண்டு கையுறை பற்றி: ஊசி குத்தும்போது உள் கையுறை தப்பிக்க அது உதவும், ரத்தம் தோலில் படுவதும் குறையும். பிளேடுக்கு இரண்டும் ஒன்றுதான், ஒரே இழுப்பில் இரண்டையும் தாண்டும். காஸ் இன்னும் மோசம், விரல் எங்கே இருக்கிறது என்று உங்கள் கண்ணிலிருந்தே மறைக்கிறது.

முடிந்தால் ரிமூவர் வாங்கச் சொல்லுங்கள். ஹேண்டிலோடு நுழைத்து இழுத்தால் பிளேடு உள்ளே தங்கிவிடும், ஒரு கை போதும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியிலேயே, கழற்றியே ஆக வேண்டிய இடத்தில் கருவியாலோ ஒற்றைக் கை முறையாலோ கழற்று என்றுதான் இருக்கிறது.

என்னுடைய சம்பவம் சின்னது. கிட்னி ட்ரேயில் வைத்துத் தள்ளாமல் கையில் நீட்டிய பிளேடு, வாங்கியவர் உள்ளங்கையைக் கிழித்தது. "பிளேடு" என்று குரல் கொடுத்து, நடு ட்ரேயில் வைத்து, மற்றவர் எடுத்துக்கொள்வது என்ற பழக்கம் இருந்திருந்தால் அந்தக் கைக்குத் தையல் வந்திருக்காது. அந்தக் கையில் ஒரு விரலை அவரால் இன்னும் முழுசாக மடக்க முடியவில்லை.

சலவைப் பிரிவு

நீங்கள் எல்லாரும் கழற்றுகிற நொடியைப் பேசுகிறீர்கள். கழற்றி டிரேப்பின் (நோயாளியைப் போர்த்தும் துணி) மேல் வைத்துவிட்டு மறந்த பிளேடு எங்கள் பக்கம்தான் வருகிறது.

தியேட்டர் துணி மூட்டையைத் தூக்கி வண்டியில் போடும்போது தொடையில் சாய்த்துத்தான் தூக்குவார்கள், அவ்வளவு கனம். எங்கள் பிரிவில் ஒரு அம்மா அப்படித்தான் தூக்கினார், "ஏதோ கிள்ளுச்சு" என்று சொன்னார், தொடர்ந்து தூக்கினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புடவை நனைவதைப் பார்த்தார். மூட்டையைப் பிரித்தபோது பச்சைத் துணிக்குள் பிளேடு, பாதி வெளியே.

கேஷுவல்ட்டிக்கு அழைத்துப்போனேன். அங்கே உட்கார்ந்திருக்கும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இது யாரோட ரத்தம் சார்?" அன்று அந்தத் தியேட்டரில் பல கேஸ். மூட்டைகள் கலந்துவிட்டன. வெட்டிய டாக்டருக்கு வெட்டுப்பட்டிருந்தால் நோயாளி எதிரிலேயே படுத்திருப்பார், அவர் சம்மதத்தோடு ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம். எங்கள் ஆளுக்கு அந்த வசதி கிடையாது. அந்தம்மாவுக்கு நான் பதில் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்ல?

எச்ஐவி தடுப்பு மருந்து ஆரம்பித்தார்கள். குமட்டலோடு முழு மாதமும் வேலைக்கு வந்தார். பரிசோதனை எல்லாம் நல்லபடியாக வந்தது. ஆனால் அந்த மாதங்களில் அவர் பேரப்பிள்ளையைத் தூக்கவில்லை. அதனால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியும் தூக்கவில்லை.

அவசரப் பிரிவு மருத்துவர்

சலவைப் பிரிவு சாருக்கு நன்றி. அந்தக் கேள்வியை நானும் எதிர்கொண்டிருக்கிறேன். காய்ந்த ரத்தம் ஒட்டிய பிளேடோடு, அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஒரு துப்புரவுப் பணியாளர் வந்தார். அதை டெஸ்ட் செய்து சொல்ல முடியுமா என்று கேட்டார். பிளேடைப் பரிசோதிப்பது வழக்கம் இல்லை, அது நம்பகமும் இல்லை, அதைக் கையாள்பவருக்கு இன்னொரு காயம்தான் வரும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது.

யாரும் கேட்காவிட்டாலும் இதை எழுதிவிடுகிறேன், இதைத் தெரியாமல் நேரம் கடத்திவிட்டு வருகிறவர்கள் அதிகம். வெட்டுப்பட்டதும் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், ரத்தத்தை உறிஞ்சாதீர்கள், பிளீச் ஊற்றாதீர்கள். கண்ணில் தெறித்திருந்தால் வெறும் தண்ணீரால் நன்றாக அலசுங்கள். உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள், எந்த நோயாளி, எந்தக் கருவி, எத்தனை மணி என்பதோடு.

எச்ஐவி தடுப்பு மருந்து தேவை என்று முடிவானால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் முழுதாகச் சாப்பிட வேண்டும். எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். ஹெபடைட்டிஸ் பி-யில், தடுப்பூசி போடாதவருக்கு அது 6 முதல் 30 சதவீதம் வரை போகும். இந்தக் கணக்கு உள்ளே ஓட்டை உள்ள ஊசியை வைத்து வந்தது. பிளேடில் ஒட்டும் ரத்தம் பொதுவாகக் குறைவு, ஆனால் காயம் ஆழம். எல்லாரும் எச்ஐவிக்குப் பயப்படுகிறார்கள், ஹெபடைட்டிஸ் பி-யை யாரும் கேட்பதே இல்லை. அதற்குத்தான் தடுப்பூசி இருக்கிறது. சலவைக்காரர், துப்புரவுப் பணியாளர், குப்பை வண்டி தள்ளுபவர் என எல்லாருக்கும் போட்டாயிற்றா என்று உங்கள் இடத்தில் கேளுங்கள். டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் மட்டும் போட்டுவிட்டு நிறுத்திய இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பல் மருத்துவ மாணவி

நீடில் ஹோல்டரால் பிடிக்கச் சொன்ன அண்ணாவுக்கு ஒரு விஷயம். நாங்கள் பயன்படுத்தும் 12டி எண் பிளேடு கொக்கி மாதிரி வளைந்தது, உள்வளைவு வெளிவளைவு இரண்டிலும் கூர். "முதுகுப்பக்கம் பிடி" என்று சொல்லிக்கொடுத்தால் அதற்கு முதுகே கிடையாது. எங்கள் மேடம் ஒருவர் கழற்றிக் காட்டும்போது, மழுங்கல் பக்கம் என்று நினைத்து ஒரு மாணவன் விரலை அணைத்துப் பிடித்துவிட்டான். கத்தவே இல்லை, அப்படியே நின்றான். அந்த அமைதிதான் எனக்கு நினைவில் வருகிறது. பழைய கை ஐயாவின் காஸ் முறை இதில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கால்நடை மருத்துவர்

தொழுவத்தில் வேலை. மாடு ஒரு உதை விட்டால் ட்ரே ஒரு பக்கம், பிளேடு ஒரு பக்கம். ஒருமுறை கன்றுக்குக் கட்டி கீறிவிட்டுத் திரும்பினால், கீழே வைக்கோலில் விழுந்த பிளேடைத் தேடி வீட்டுக்காரரின் பையன் வெறும் காலோடு நிற்கிறான். "நான் எடுத்துத் தரேன்" என்று குனிகிறான். அவன் தோளைப் பிடித்து இழுத்த வேகத்தில் அவன் அழுதுவிட்டான். அழட்டும் என்று விட்டுவிட்டு, காந்தத்தை வைத்துத் தேடி எடுத்தோம்.

அதிலிருந்து வெளி வேலைக்கு ஹேண்டிலோடு சேர்ந்த, உறை இழுத்து மூடும் டிஸ்போசபிள் ஸ்கால்பெல் (ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் அறுவைக் கத்தி) தான் எடுத்துப்போகிறேன். கழற்றும் வேலையே இல்லை. முடிந்ததும் உறையை மூடி, முழுசாக டப்பாவில் போட்டுவிடலாம். ஹேண்டில் எடை இல்லாமல் கைக்கு நிற்காது என்று குறை சொல்வார்கள், உண்மைதான், பெரிய வேலைக்கு எனக்கும் பிடிக்காது. டப்பா கைவசம் இல்லையென்றால் திருகு மூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் கேன் போதும். மெல்லிய தண்ணீர் பாட்டில் வேண்டாம், பிளேடு துளைக்கும். கண்ணாடியும் வேண்டாம்.

பழைய கை

12டி விஷயம் எனக்குத் தெரியாது, நான் அதைத் தொட்டதே இல்லை. அந்தம்மா கேட்ட கேள்வியை இரண்டு முறை படித்தேன். நாளைக்கு நீடில் ஹோல்டரால் செய்து பார்க்கிறேன். ஆனால் டப்பா நிறைந்தால் எரித்துவிடுகிறார்கள், அதற்குப் பிறகு ஆபத்து இல்லையே, அங்கே ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

கழிவுக் கிடங்கு

ஐயா, எரித்தால் கிருமி போகும், பிளேடு போகாது. மருத்துவக் கழிவு எரியூட்டி 850 முதல் 1100 டிகிரி வரை ஓடும். எஃகு உருகுவதற்கு 1400-க்கும் மேல் வேண்டும். சாம்பலை வாருகிறவர் கைக்கு அது பிளேடாகவே வரும். அதனால்தான் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் கருவி) வைத்து, பிறகு நொறுக்குவதோ, சிமென்ட் கலவைக்குள் இறுக்கிப் புதைப்பதோ நடக்கிறது.

எங்களுக்கு வரும் டப்பாக்களில் பாதிக்கு மேல் கழுத்துவரை அமுக்கியிருக்கும். முக்கால் பங்கில் கோடு போட்டிருப்பது, அதற்கு மேல் போகும்போது யாரோ ஒருவர் கையால் அழுத்துவார் என்பதால்தான். ஒரு டப்பாவில் மூடி பொருந்தவில்லை, பிளாஸ்டர் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். எங்கள் பையன் அதைப் பக்கவாட்டில் பிடித்துத் தூக்கினான், பிளாஸ்டர் விட்டது. கையை உதறி டப்பாவைக் கீழே விட்டதால் தப்பித்தான், தரை முழுக்க பிளேடு. வாருகோலையும் உலோக முறத்தையும் வைத்து வாரினோம், கடைசியில் காந்தம்.

நிறைந்த டப்பாவை இன்னொரு டப்பாவில் கொட்டிவிட்டு, காலியை மறுபடி பயன்படுத்துகிற இடங்களும் இருக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முக்கால் வந்ததும் மூடியைப் பூட்டுங்கள், தேதியும் எந்தப் பிரிவு என்பதும் எழுதுங்கள். பிரிவின் பெயர் எழுதாத டப்பா உடைந்தால் யாருக்குப் போன் செய்வது என்றே எங்களுக்குத் தெரிவதில்லை.