பைபாஸ் ஆயில் ஃபில்டர்: புறவழியா, கிளையோட்டமா?

வணக்கம் நண்பர்களே,

என்ஜின் எண்ணெயில் ஒரு சிறு பங்கைத் தனியே பிரித்து வடிகட்டும் பைபாஸ் ஆயில் ஃபில்டருக்குக் கையேட்டில் என்ன தமிழ்ப்பெயர் வைப்பது என்று நம் இழையில் பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே வந்த ஒரு கேள்வி:

> பைபாஸ் ரோடு புறவழிச்சாலை என்றால், பைபாஸ் ஆயில் ஃபில்டர் புறவழி எண்ணெய் வடிகட்டிதானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்க நிறைய இருக்கிறது. அதே என்ஜினில், அதே எண்ணெய்ப் பாதையில், பைபாஸ் என்ற பெயரோடு இன்னொரு பொருளும் உட்கார்ந்திருக்கிறது. இரண்டின் வேலையும் நேர் எதிர். ஒரே தமிழ்ச்சொல்லை இரண்டுக்கும் வைத்தால், கையேட்டைப் படித்துவிட்டு வண்டியில் கை வைப்பவர் குழம்பிப்போவார்.

இழையில் பேசிய வண்டியையே எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் ராம் பிக்கப்பில் வரும் 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசல், ஆறு சிலிண்டர், ஏறத்தாழ 11 லிட்டர் எண்ணெய் பிடிக்கும். பம்ப் தள்ளும் எண்ணெய் வழக்கமான வடிகட்டிக்குள் புகுந்துதான் பேரிங்குகளுக்குப் போகிறது. அவ்வளவு எண்ணெயும் தடையில்லாமல் போயாக வேண்டும், அதனால் வடிதாளின் கண்கள் ரொம்பவும் சிறிதாக இருக்க முடியாது. பெரும்பாலும் இருபது, முப்பது மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துகள்களைத்தான் அது நம்பகமாகப் பிடிக்கும். மிச்சம் எண்ணெயோடு சுற்றிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் வண்டியில் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ள வேண்டாம். டீசலில் அப்படி விட முடியாது. புகைக்கரி ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகள்களாக எண்ணெயில் இறங்கி, ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறது. 2007-இல் இந்த என்ஜின் ராமில் வந்தபோது, புகையில் ஒரு பங்கை மீண்டும் சிலிண்டருக்குள் அனுப்பும் அமைப்பும் கூடவே வந்தது. அதனால் எண்ணெயில் சேரும் கரி இன்னும் கூடுகிறது. சுமை ஏறும் நேரத்தில் பேரிங்கைத் தாங்கும் எண்ணெய்ப் படலத்தின் தடிமனோ சில மைக்ரான்தான்.

இங்கேதான் நாம் பெயர் தேடும் பொருள் வருகிறது. அழுத்தத்தில் ஓடும் எண்ணெயில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ தனியே பிரித்து, மிக நெருக்கமான வடிதாள் வழியாக மெதுவாகக் கசியவிட்டு, சில மைக்ரான் அளவுள்ள துகளையும் பிடித்துக்கொண்டு, சுத்தமான எண்ணெயை, என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் சேம்பரிலேயே திரும்ப விடுகிறது. பேரிங்குக்கு நேராக எதையும் அனுப்புவதில்லை. வண்டி ஓட ஓட, கொஞ்சம் கொஞ்சமாக மொத்த எண்ணெயும் அதன் வழியே போய்வந்துவிடும்.

இனி அந்த இன்னொரு பைபாஸ். வழக்கமான வடிகட்டி அடைத்துக்கொண்டாலோ, குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டாலோ, வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு கூடும். அப்போது ஒரு வால்வு திறந்து, எண்ணெயை வடிகட்டாமலே என்ஜினுக்குள் விடும். எண்ணெயே போகாமல் பேரிங் தேய்வதைவிட அழுக்கு எண்ணெய் மேல் என்ற கணக்கு. இதுவும் பைபாஸ்தான். ஊருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போகும் சாலைபோல, எண்ணெய் வடிகட்டிக்குள் நுழையாமல் போகிறது. ஆக, புறவழி என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துவது இந்த வால்வுக்கு. இதைப் புறவழி வால்வு என்றே வைத்துக்கொள்வோம்.

வடிகட்டிக்கும் புறவழி என்று வைத்தால் என்ன ஆகும்? "புறவழி திறந்திருக்கிறது" என்ற ஒரு வரியை ஒருவர் நல்ல செய்தியாகப் படிப்பார், இன்னொருவர் ஆபத்து என்று படிப்பார். ஆங்கிலம் இந்தக் குழப்பத்தோடு வாழப் பழகிவிட்டது. நாம் புதிதாகச் சொல் செய்யும்போது அந்தக் குழப்பத்தையும் ஏன் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்? ஜெர்மன்காரர்கள் இதைத் தெளிவாகச் செய்திருக்கிறார்கள். வழக்கமான வடிகட்டி ஹவுப்ட்ஷ்ட்ரோம், அதாவது முதன்மை ஓட்டம். நாம் பேசும் வடிகட்டி நேபென்ஷ்ட்ரோம், பக்க ஓட்டம். எண்ணெய் எப்படி ஓடுகிறது என்பதே பெயராகிவிட்டது.

என் பரிந்துரையும் அந்த வழியில்தான்: வழக்கமானது முழுவோட்ட வடிகட்டி, சேர்த்துப் பொருத்துவது கிளையோட்ட வடிகட்டி. மின்னோட்டம், நீரோட்டம் என்று ஓட்டம் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. கிளை பிரிவது யாருக்கும் விளக்காமலே புரியும்.

> நுண்வடிகட்டி என்றால் சுருக்கமாக இருக்குமே. இரண்டாம்நிலை வடிகட்டி என்றும் சொல்லலாம்.

நுண்வடிகட்டி காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லா வகையையும் அது அடக்காது. தாளே இல்லாமல், எண்ணெயின் அழுத்தத்தாலேயே சுழன்று, கரியை உட்சுவரில் ஒதுக்கும் மையவிலக்கு வகையும் இதே கிளையில்தான் பொருத்தப்படுகிறது. இரண்டாம்நிலை என்பதை நான் உறுதியாக மறுக்கிறேன். டீசல் எரிபொருள் பாதையில் முதல்நிலை, இரண்டாம்நிலை என்று இரண்டு வடிகட்டிகள் உண்டு. அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்பவை. அதே சொல்லை எண்ணெய்ப் பாதைக்குக் கொண்டுவந்தால், முதல் வடிகட்டியிலிருந்து வெளிவரும் குழாயில் இதைச் செருக வேண்டும் என்று யாராவது நினைத்துவிடுவார்கள். அப்படிச் செருகினால் பேரிங்குக்கு எண்ணெய் போகாது, என்ஜின் போய்விடும்.

இந்தப் பொருத்தும் வேலையைச் சொற்களோடு சேர்த்தே பார்த்துவிடுவது நல்லது. எண்ணெய் அழுத்தம் காட்டும் சென்சார் உள்ள இடத்தில் டீ என்ற மூவழி இணைப்பு ஒன்றைப் போட்டு, அழுத்தமும் சூடும் தாங்கும் ஓஸ் (வளையும் குழாய்) ஒன்றை எடுத்து, வண்டியின் சட்டத்தில் முறுக்கிவைத்த வடிகட்டித் தலைக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து இன்னொரு ஓஸ் எண்ணெய் ஊற்றும் மூடிக்கோ சேம்பருக்கோ திரும்பும். கிளைப் பாதையில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் துளை ஒன்று இருக்கும். எவ்வளவு எண்ணெய் கிளைக்குள் போகலாம் என்று தீர்மானிப்பது அதுதான். அது இல்லாவிட்டால் பேரிங்குக்கான அழுத்தம் சரிந்துவிடும். இதற்குக் குறுந்துளை என்று சொல்லலாமா? நெருக்குத்துளை என்றும் ஒன்று தோன்றியது, ஆனால் வாயில் சிக்குகிறது.

என்ஜின் சூடானபின் வடிகட்டி டப்பாவைத் தொட்டுப் பார்த்தால் சுட வேண்டும். குளிர்ந்தே கிடந்தால் கிளையில் ஓட்டம் இல்லை, துளை அடைத்திருக்கலாம். பட்டறையில் இதைச் சொல்லும்போது "கிளையில எண்ணெய் ஓடல" என்று இயல்பாக வருகிறது. "புறவழியில ஓடல" என்றால் கேட்பவர் வால்வு மூடியிருக்கிறது, எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வார். அப்புறம், ஓஸ் எங்கேயும் உரசாமல் கட்டியிருக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். அது அறுந்தால் சேம்பர் காலியாகிவிடும்.

பெயரில் தூய்மை, சுத்திகரிப்பு என்ற சொற்கள் வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எண்ணெயில் கலந்த டீசலை இது எடுக்காது, அமிலத்தை எடுக்காது, தீர்ந்துபோன சேர்மானங்களை மீட்டுத் தராது. எண்ணெயை எப்போது மாற்றுவது என்பதை ஆய்வகத்தில் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தூய்மிப்பான் என்று பெயர் வைத்தால், இனி எண்ணெயே மாற்ற வேண்டாம் என்ற நம்பிக்கையையும் சேர்த்து விற்பதாகிவிடும்.

எண்ணெய்க்கு மசகு, உயவு இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. எதை எடுத்தாலும் எனக்குச் சரி, ஒரு கையேட்டுக்குள் ஒன்றே வரட்டும். முழுவோட்டமும் கிளையோட்டமும் ஒரே டப்பாவுக்குள் அடங்கிய வடிகட்டிகளும் சில டீசல் என்ஜின்களுக்கு வருகின்றன. அவற்றை, இரண்டு ஓட்டம் என்ற பொருளில், ஈரோட்ட வடிகட்டி என்று பட்டியலில் சேர்க்கலாம் என நினைக்கிறேன். குறுந்துளைக்கு இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்